காதுக்கு வந்த கருவியும் கூடவே வந்த பெட்டியும்

1910-இல் அமெரிக்கக் கடற்படை அலுவலகத்துக்கு ஊதா மையில் எழுதிய ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டிக்கு அருகே வாழ்ந்த நத்தானியேல் பால்ட்வின். கம்பியில்லாத் தந்தியைக் கேட்பதற்குத் தாம் செய்திருந்த ஹெட்போனைச் சோதித்துப் பார்க்கும்படி அதில் கேட்டிருந்தார். கடற்படையினர் அதுவரை பயன்படுத்திய எதுவும் அந்தக் கருவிக்கு ஈடாகவில்லை. உடனே ஆர்டர் கொடுக்க முன்வந்தார்கள். ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் தர முடியாது என்று பால்ட்வின் பதில் எழுதினார். அவருக்குத் தொழிற்சாலை கிடையாது. எல்லாவற்றையும் வீட்டுச் சமையலறையிலேயே செய்துகொண்டிருந்தார்.

கடற்படை இவ்வளவு ஆர்வம் காட்டியதற்குக் காரணம் இருந்தது. அன்றைய கப்பல் வானொலியில் ஒலியைப் பெருக்கும் கருவியே இல்லை. ஆன்டெனாவில் சிக்கிய மிகச் சிறிய மின்சாரம்தான் காதருகே இருக்கும் தகட்டை அதிரவைக்க வேண்டும். ஹெட்போன் எவ்வளவு நுட்பமானதோ அவ்வளவு தூரத்திலிருந்து வரும் செய்தி காதில் விழும். சாதாரணத் தொலைபேசி ரிசீவரில் காந்தம் ஓர் இரும்புத் தகட்டை நேரடியாக இழுக்கும். பால்ட்வின் காந்த முனைகளுக்கு நடுவே சிறிய இரும்புத் துண்டு ஒன்றைச் சமநிலையில் நிறுத்தி, அதை மெல்லிய தண்டு ஒன்றால் மைக்கா தகட்டோடு இணைத்தார். ஓய்வில் எந்தப் பக்கமும் இழுபடாத அந்தத் துண்டை மிகச் சிறிய சைகைகூட அசைத்துவிடும். தலையில் மாட்டும் பட்டைக்கும் காப்புரிமை எடுத்துக்கொள்ளும்படி கடற்படையினர் சொன்னார்கள். அது அற்பமான வேலை என்று அவர் மறுத்துவிட்டார்.

ஹெட்போனோடு இன்னொரு பெட்டியும் வாங்க வேண்டுமா என்ற கேள்வி வீடுகளுக்குள் நுழைந்தது 1920-களில்தான். 1920 நவம்பரில் பிட்ஸ்பர்க் நகரில் கேடிகேஏ நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1922-இல் பிரிட்டனில் பிபிசி வந்தது. ஏழை எளியவர்கள் வாங்கிய கிரிஸ்டல் செட்டுக்கு பேட்டரியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். கலீனா என்னும் ஈயத் தாதுத் துண்டு, அதைத் தொடும் கம்பி, ஒரு சுருள், நீண்ட ஆன்டெனா, ஹெட்போன் ஆகியவை இருந்தால் போதும். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்க முடியும். வீட்டில் எல்லோரும் கேட்க வேண்டுமென்றால் ஹெட்போனைக் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள்.

வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்க வசதி உள்ளவர்களுக்கு வேறு சிரமங்கள் இருந்தன. வால்வின் இழையைச் சூடாக்க அக்யுமுலேட்டர் என்னும் சார்ஜ் ஏற்றும் பேட்டரி வேண்டும், அதற்கு மேல் உயர் வோல்ட் பேட்டரி ஒன்றும் வேண்டும். பிரிட்டனில் தீர்ந்துபோன அக்யுமுலேட்டரைக் கடைக்குத் தூக்கிச் சென்று சார்ஜ் ஏற்றி வருவது வாராந்திர வேலையாகவே ஆனது. இவ்வளவு செலவுக்கும் சிரமத்துக்கும் பலனாக, கூடம் முழுக்கக் கேட்கும் குழல் ஒலிபெருக்கியும் தொலைவிலுள்ள நிலையங்களும் கிடைத்தன. ஹெட்போனால் தரவே முடியாத ஒன்றை அந்தப் பெட்டி தந்தது. அதனால் அந்தச் செலவு நியாயமானது. பின்னால் வந்த எல்லாப் பெட்டிகளைப் பற்றியும் இதே உறுதியோடு சொல்லிவிட முடியாது.

ஒலிபெருக்கி வீட்டுக்குள் வந்ததும் ஹெட்போன் தந்தி ஆபரேட்டர்களுக்கும் ஸ்டுடியோ பொறியாளர்களுக்கும் உரியதாகச் சுருங்கிப்போனது. 1937-இல் பெர்லினில் ஆய்கன் பையரின் நிறுவனம் டிடி 48 என்ற ஹெட்போனைக் கொண்டுவந்தது. ஒலிபெருக்கியில் இருப்பது போன்ற நகரும் சுருளைச் சிறிதாக்கிக் காதருகே வைத்த கருவி அது. ஒலிபரப்பு நிலையங்களிலும் ஆய்வகங்களிலும் அது பல பத்தாண்டுகள் உழைத்தது. தொலைபேசித் துறை வகுத்த ஒரு வழக்கத்தை ஒலிபரப்புத் துறையும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தது. 600 ஓம் கொண்ட இணைப்பில் 1 மில்லிவாட் பாய்ந்தால் அதன் அளவு 0.775 வோல்ட், எல்லாக் கருவிகளையும் இதை வைத்தே அளந்தார்கள். 600 ஓம் ஹெட்போனில் இன்னொரு வசதியும் இருந்தது. ஒரே ஆம்ப்ளிஃபயரில் பலவற்றை மாட்டினாலும் அது திணறாது. இன்றும் சில ஹெட்போன்களின் பெட்டியில் அச்சாகியிருக்கும் பெரிய ஓம் எண்ணுக்குப் பின்னால் இந்த ஸ்டுடியோ பழக்கம் இருக்கிறது.

இசை கேட்கும் வீட்டுக்குள் ஹெட்போனைத் திரும்பக் கொண்டுவந்தவர் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ். நோயாளிகளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வாடகைக்கு விடும் தொழிலை நடத்திவந்த ஜாஸ் ரசிகர் அவர். 1958-இல் பொறியாளர் மார்ட்டின் லாங்கேயுடன் சேர்ந்து கையடக்கமான ஸ்டீரியோ ரெக்கார்டு பிளேயர் ஒன்றைச் செய்தார். அதன் ஒலியைக் காட்டுவதற்காகக் கூடவே ஹெட்போனையும் வைத்தார். கண்காட்சிக்கு வந்தவர்கள் பிளேயரை விட்டுவிட்டு ஹெட்போனைத்தான் கேட்டார்கள். அன்றைய வீட்டு ஆம்ப்ளிஃபயர்களில் அதை மாட்ட இடமே இல்லை. ஒலிபெருக்கி முனைகளில் இணைத்துக்கொள்ளும் சிறு பெட்டி ஒன்றையும் காஸ் சேர்த்து விற்க வேண்டியிருந்தது. பிறகு தயாரிப்பாளர்கள் ஆம்ப்ளிஃபயரிலேயே ஹெட்போன் துளையை வைத்தார்கள். ஒலிபெருக்கிக்குப் போகும் மின்சாரத்தையே சில நூறு ஓம் தடை வழியாக அங்கே திருப்பிவிட்டார்கள். அந்தச் சிறு பெட்டிக்கு அதோடு வேலை முடிந்தது.

1960-இல் ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த எஸ்ஆர்-1 வேறு வகை. காந்தமும் சுருளும் இல்லாமல், மின்னேற்றிய மெல்லிய ஏடு இரண்டு உலோக வலைகளுக்கு நடுவே அதிரும். அந்த ஏட்டுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும். எனவே தனிப் பெட்டி இல்லாமல் அந்த ஹெட்போனிலிருந்து ஒலியே வராது. ஸ்டாக்ஸ் வாங்குகிறவருக்குப் பெட்டி வேண்டுமா வேண்டாமா என்ற குழப்பம் ஒருநாளும் இருந்ததில்லை.

1968-இல் சென்ஹைசர் எச்டி 414 வந்தது. காதை அடைக்காமல் மஞ்சள் நுரையோடு லேசாக உட்காரும் ஹெட்போன். இம்பீடன்ஸ், அதாவது மின்சாரத்துக்கு அது காட்டும் தடை, 2,000 ஓம். அன்றைய ஆம்ப்ளிஃபயர் துளைக்கு அது பொருத்தமான எண். பதினோரு ஆண்டுகள் கழித்து எல்லாம் தலைகீழானது. 1979 ஜூலை 1-இல் சோனி வாக்மேன் வெளிவந்தது. இரண்டு சிறிய பேட்டரி, மொத்தம் 3 வோல்ட். அவ்வளவு குறைந்த வோல்டேஜில் 2,000 ஓம் ஹெட்போனை முழக்க முடியாது. கூடவே வந்த ஹெட்போனின் எடை வெறும் 45 கிராம். பையில் எடுத்துப்போகும் கருவிகளுக்கான ஹெட்போன்கள் 32 ஓம் அளவுக்கு இறங்கின.

அதற்குப் பிறகு இரண்டு குடும்பங்கள் அக்கம்பக்கமாக வளர்ந்தன. வீட்டிலும் ஸ்டுடியோவிலும் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு 250, 300, 600 ஓம். நடந்துகொண்டே கேட்பவர்களுக்கு 16, 32 ஓம். ஸ்டுடியோ ஹெட்போனைப் பாக்கெட் பிளேயரில் மாட்டியவர்களுக்கு ஒலி மெலிந்து கேட்டது. அந்தக் குறையிலிருந்துதான் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் தனித் தொழிலாகப் பிறந்தது. 1992-இல் டில் ஹெர்ட்சன்ஸ் அமெரிக்காவில் ஹெட்ரூம் நிறுவனத்தைத் தொடங்கி, பயணத்தில் எடுத்துப்போகும் ஆம்ப்ளிஃபயர்களை விற்றார். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் சூ மோய் வெளியிட்ட எளிய சுற்று வரைபடம் இன்னும் பரவலாகப் போனது. ஒரு 9 வோல்ட் பேட்டரியும் சில பாகங்களும் புதினா மிட்டாய்த் தகர டப்பாவுக்குள் அடங்கிவிடும். சாலிடரிங் தெரிந்த எத்தனையோ இளைஞர்கள் அதைச் செய்து பார்த்தார்கள்.

இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதைச் சிறு கணக்கே காட்டிவிடும். ஆய்கன் பையரின் நிறுவனமான பையர்டைனமிக் செய்த டிடி 880 ஹெட்போனுக்கு 1 மில்லிவாட் கொடுத்தால் 96 டெசிபெல் வரும் என்கிறது நிறுவனம். அதன் 600 ஓம் வகைக்கு 1 வோல்ட் கொடுத்தால் 1.7 மில்லிவாட், அதாவது 98 டெசிபெல். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் எல்லை வாரத்துக்கு 40 மணி நேரம், சராசரி 80 டெசிபெல். இசையின் சராசரி அதன் உச்சத்தைவிடப் பத்துப் பதினைந்து டெசிபெல் கீழே இருக்கும். ஆகவே 1 வோல்ட் தரும் சாதாரணக் கருவியே சினிமாப் பாட்டுக்குப் போதும். மெதுவாகப் பதிவான கச்சேரிக்கோ சிம்பொனிக்கோதான் அது கொஞ்சம் போதாமல் போகும். அதே நேரம் ஓம் எண்ணை மட்டும் நம்புவதும் தவறு. 2010-இல் வந்த ஹைஃபைமேன் எச்இ-6 வெறும் 50 ஓம்தான். ஆனால் 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல்தான் தரும். 110 டெசிபெல் உச்சத்தைத் தொட அதற்குக் கிட்டத்தட்ட 450 மில்லிவாட் வேண்டும். அதை வாங்கினால் வலுவான ஆம்ப்ளிஃபயரையும் வாங்கத்தான் வேண்டும்.

ஒலி போதுமான அளவு கேட்டுவிட்ட பிறகும் விலை உயர்ந்த பெட்டி இன்னும் நன்றாக ஒலிக்குமா? இதைச் சோதித்தவர்கள் முதலில் கற்றுக்கொண்டது, இரண்டு கருவிகளின் ஒலியளவையும் துல்லியமாகச் சமப்படுத்த வேண்டும் என்பது. அரை டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதையே காது தெளிவு என்று எடுத்துக்கொள்ளும். 2007-இல் மேயர், மோரன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், உயர்தர டிஸ்க்கின் ஒலியையும் அதையே சிடி தரத்துக்கு இறக்கிய ஒலியையும் எதுவென்று சொல்லாமல் கேட்கவைத்தார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 276 முறை. நாணயம் சுண்டினாலும் ஏறக்குறைய இதே எண்தான் வந்திருக்கும். 2017-இல் யெரூன் பிரேபார்ட் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் அளவுகளை விலையோடு ஒப்பிட்டார். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. அதே அளவுகளைப் பார்த்தால் ஒரு ஹெட்போனுக்கும் இன்னொன்றுக்கும் இடையே பல டெசிபெல் வித்தியாசம் தெரியும். நல்ல ஆம்ப்ளிஃபயர்களுக்கிடையே அந்த வித்தியாசம் மிகச் சிறியது. கையில் இருக்கும் பணம் முதலில் காதில் உட்காரும் கருவிக்கே போக வேண்டும். அதையும் விலைச்சீட்டைப் பார்க்காமல் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஓர் இடத்தில் மட்டும் பழைய வழக்கம் இன்றும் தொல்லை தருகிறது. 1996-இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநிலை ஹெட்போன் துளைக்கு 120 ஓம் தடையைப் பரிந்துரைத்தது. 300 ஓம் ஹெட்போனுக்கு அதனால் பெரிய பாதிப்பில்லை. காதுக்குள் செருகும் சில இயர்போன்களில் பால்ட்வின் கையாண்ட அதே சமநிலைத் தத்துவத்தில் பல சிறு பாகங்கள் இயங்குகின்றன. அவற்றின் இம்பீடன்ஸ் சுருதிக்குச் சுருதி மாறும். தடை அதிகமுள்ள துளையில் மாட்டினால் பேஸுக்கும் குரலுக்கும் இடையிலான சமநிலை மாறி ஒலிக்கும். இவற்றுக்குத் தேவை பெரிய சக்தி அல்ல, ஒன்றிரண்டு ஓம் மட்டுமே தடையுள்ள துளை.

2016-இல் ஆப்பிள் தன் ஐபோன் 7-இலிருந்து ஹெட்போன் துளையை நீக்கியது. கூடவே கொடுத்த, அன்று தனியாக வாங்கினால் 9 டாலர் விலையாக இருந்த சிறு கம்பி அடாப்டருக்குள் டிஜிட்டல் தரவை ஒலியலையாக மாற்றும் சில்லும் ஆம்ப்ளிஃபயரும் அடங்கிவிட்டன. பையர்டைனமிக்கும் வழியை மாற்றிக்கொண்டது. ஒரே ஹெட்போனை 32, 80, 250, 600 ஓம் என்று பிரித்து விற்றுவந்த அந்த நிறுவனம் 2021-இல் டிடி 700 ப்ரோ எக்ஸ், டிடி 900 ப்ரோ எக்ஸ் என்று இரண்டைக் கொண்டுவந்தது. ஸ்டுடியோ மேசைக்கும் சட்டைப்பை போனுக்கும் பொதுவாக இரண்டுக்கும் 48 ஓம்தான். 2024-இல் நூற்றாண்டைக் கொண்டாடியபோது பழைய டிடி 770-இன் சிறப்புப் பதிப்பையும் அதே 48 ஓமில் வெளியிட்டது.