ஆறாம் தரத்துக்கு முன்னால் விஞ்ஞானம் எங்கே இருந்தது?

எங்கள் வயதுக்காரர் யாரிடமாவது "விஞ்ஞானம் படிக்கத் தொடங்கினது எத்தனையாம் தரத்தில?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆறாம் தரம்" என்றுதான் பதில் வரும். அது சரியான பதில்தான். அந்தப் பெயரில் ஒரு பாடப்புத்தகம் முதன்முதலாகக் கைக்கு வருவது தரம் 6இல். அதற்கு முந்திய ஐந்து வருடமும் நேரசூசியில் தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்பவைதான் பிரதான பாடங்கள். விஞ்ஞானம் என்ற சொல்லையே காணமுடியாது.

அப்ப அந்த ஐந்து வருடமும் நாங்கள் விஞ்ஞானம் படிக்கவில்லையோ? படித்தோம். பயறு முளைக்க வைத்தோம். எது மிதக்கும், எது தாழும் என்று வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். காலை, மதியம், பின்னேரம் என்று நிழலின் நீளத்தை அளந்தோம். இதெல்லாம் விஞ்ஞானம்தான், பெயர்தான் வேறு. அந்தப் பெயர் ஏன் வேறானது, சின்னப் பிள்ளைக்கு என்ன படிப்பிக்க வேண்டும் என்பதை இந்த நாட்டில் யார், எப்படித் தீர்மானித்தார்கள் என்று தேடிப்போனால் ஒரு நீண்ட வரலாறு கிடைக்கிறது. அதை வாசித்தபோது எங்களுக்குத் திரும்பத் திரும்பத் தெரிந்தது ஒரே விஷயம்: கலைத்திட்டம் என்ன சொன்னாலும், கடைசியில் பிள்ளைக்குக் கிடைத்தது எதற்குப் புள்ளி போட்டார்களோ அதுதான்.

மணலும் ஏடும்

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை மணலில் எழுதிப் பழகியது. பிறகு ஏடு. ஆத்திசூடி, எண்சுவடி, நிகண்டு என்று மனனம். இதில் இயற்கை பற்றிய அறிவு இல்லையென்று சொல்ல முடியாது. சூடாமணி நிகண்டில் விலங்கின் பெயருக்கு ஒரு தொகுதி, மரப்பெயருக்கு ஒரு தொகுதி என்று தனித்தனியே உண்டு. பிள்ளைக்கு நூற்றுக்கணக்கான பெயர்கள் நாவில் நின்றன. ஆனால் அந்த மரத்தடிக்குப் போய் இலையைப் புரட்டிப் பார்ப்பது படிப்பின் பகுதியாக இருக்கவில்லை.

அதே யாழ்ப்பாணத்தில் 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் செமினறியைத் தொடங்கினார்கள். 1855இல் மூடப்படும் வரைக்கும் அங்கே கணிதமும் வானியலும் உயர்ந்த மட்டத்தில் படிப்பிக்கப்பட்டன. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, அதற்குத் தமிழில் நூல்களும் ஆக்கினார். தமிழ் விஞ்ஞானக் கல்வியின் வரலாறு என்றால் எல்லாரும் இந்த இரண்டு பெயரையும்தான் சொல்வார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் இவை வளர்ந்த மாணவர்களுக்கானவை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு இதில் ஒன்றும் வந்து சேரவில்லை.

காசுக்குக் கணக்கெடுத்த காலம்

1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானது. அடுத்த வருடமே, 1870இல், உதவி நன்கொடை பெறும் பள்ளிக்கூடங்களுக்கு "பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு" என்ற முறை வந்தது. இங்கிலாந்தில் ஏற்கெனவே நடைமுறையில் இருந்த ஏற்பாடு அது. இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்துக்கு வருவார். பிள்ளைகளை வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குச் செய்யச் சொல்வார். எத்தனை பேர் சித்தியோ, அதைப் பொறுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் காசு.

இதன் விளைவை யோசிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும்தான் காசு என்றால், அந்த மூன்றையும்தான் எந்த ஆசிரியரும் படிப்பிப்பார். ஒரு வாத்தியார் பிள்ளைகளைக் குளக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தவளையைக் காட்டினால் பள்ளிக்கூடத்துக்கு அதனால் ஒரு சதமும் வராது. நேரம்தான் வீண். யாரும் விஞ்ஞானத்தைத் தடைசெய்யவில்லை. அதை எண்ணவில்லை, அவ்வளவுதான்.

மலையகத்தில் நிலைமை இன்னும் மோசம். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டது. பத்து வயதுக்குப் பிறகு பிள்ளை கொழுந்து பறிக்கப் போகலாம் என்று நினைத்தவர்கள் அதற்கு மேல் ஏன் செலவழிக்கப் போகிறார்கள்? ஒரு ஆசிரியர், ஒரு அறை, எல்லா வகுப்பும் ஒன்றாக. எழுத்தும் கணக்கும் தெரிந்தால் போதும் என்பதுதான் அங்கே எழுதப்படாத கலைத்திட்டம்.

தோட்டம் கொத்தினால் படிப்பாகுமா?

20ஆம் நூற்றாண்டில் காற்று கொஞ்சம் மாறியது. பாடசாலைத் தோட்டங்கள் வந்தன. இயற்கைப் பாடம் என்ற பேச்சு வந்தது. இந்தப் போக்கின் மிகத் துணிச்சலான முயற்சி 1932இல் கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தெஸ்ஸ என்ற ஊரில் தொடங்கியது. கிராமியக் கல்வித் திட்டம் என்று அதைச் சொல்வார்கள். பிள்ளையின் ஊரே பாடப்புத்தகம் என்பது அதன் அடிப்படை. வயல், பயிர், சுகாதாரம், கைத்தொழில் எல்லாவற்றையும் பிள்ளைகள் செய்து படித்தார்கள். பிறகு வேறு பல பாடசாலைகளுக்கும் அது பரவியது.

இன்றைக்கு வாசிக்கும்போது இது அருமையான திட்டமாகத்தான் தெரிகிறது. ஆனால் அது நிலைக்கவில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று எங்களை யோசிக்க வைத்தது. கிராமத்துப் பெற்றோருக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. பட்டணத்துப் பிள்ளை ஆங்கிலம் படித்து உத்தியோகத்துக்குப் போகிறது, எங்கட பிள்ளை மட்டும் பள்ளிக்கூடத்திலயும் மண்வெட்டி பிடிக்க வேணுமோ என்ற கேள்வி அவர்களிடம் இருந்தது. நியாயமான கேள்வி. உத்தியோகத்துக்கான வழி ஆங்கிலப் பரீட்சைகளில் இருக்கும்போது, தோட்டத்தில் படித்த விஞ்ஞானத்துக்குச் சந்தையில் பெறுமதி இல்லை. செய்து படிக்கும் கல்வியை ஏழைக்கு மட்டும் கொடுத்தால் ஏழையே அதை ஏற்கமாட்டார் என்பதை ஹந்தெஸ்ஸ காட்டியது.

1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புகளின் போதனை மொழி தாய்மொழியானது. அதன் பின் 1950களிலும் 60களிலும் மேல்வகுப்புகளும் தமிழுக்கு மாற, விஞ்ஞானக் கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. ஒட்சிசன், ஐதரசன், ஒளித்தொகுப்பு என்று நாங்கள் இன்றும் எழுதுவது அந்த வேலையின் பலன். தமிழ்நாட்டுப் பிள்ளை "சுற்றுச்சூழல்" என்று எழுதும் இடத்தில் எங்கள் பிள்ளை "சுற்றாடல்" என்று எழுதுவதும் அப்படி வந்த வேறுபாடுதான்.

1972உம் 1998உம்

1972 சீர்திருத்தத்தைப் பற்றி எங்கள் பெற்றோர் தலைமுறை வாய்கிழியக் கதைக்கும். பாடசாலையில் சேரும் வயது ஐந்திலிருந்து ஆறாக்கப்பட்டது. சாதாரண தரத்துக்குப் பதிலாகத் தேசியக் கல்விப் பொதுத் தராதரம் வந்தது. 1977இல் ஆட்சி மாறியதும் இரண்டும் பழையபடி ஆகிவிட்டன. ஆனால் அதில் ஒரு நல்ல விஷயம் நின்றது. ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாப் பிள்ளைக்கும் ஒருங்கிணைந்த விஞ்ஞானம் கட்டாயமானது. ஆய்வுகூடம் இருந்த பெரிய கல்லூரிகளின் சொத்தாக இருந்த பாடம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. ஆரம்ப வகுப்புகளிலும் பாடங்களைத் துண்டு துண்டாக வெட்டாமல் ஒன்றிணைத்துக் கற்பிக்கும் எண்ணம் அப்போதுதான் வலுத்தது.

இன்றைய வடிவம் 1997இல் அறிவிக்கப்பட்ட சீர்திருத்தத்தோடு வந்தது. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் முதலாம் தரத்தில் பரீட்சித்துப் பார்த்து, 1999இல் நாடு முழுதும் தொடங்கினார்கள். ஆரம்பக் கல்வி மூன்று முதன்மை நிலைகளாகப் பிரிக்கப்பட்டது: தரம் 1, 2 முதலாவது, தரம் 3, 4 இரண்டாவது, தரம் 5 மூன்றாவது. கற்கும் முறையும் மூன்று: வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை. முதல் நிலையில் விளையாட்டுக்கு முதலிடம். இரண்டாவதில் மூன்றும் ஏறத்தாழச் சமம். ஐந்தாம் தரத்தில் எழுத்து வேலை கூடும்.

சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்ற பாடத்தில் ஒரே கருப்பொருள்கள் ஒவ்வொரு நிலையிலும் திரும்பி வரும், ஒவ்வொரு முறையும் வட்டம் பெருக்கும். தண்ணீரை எடுத்துக்கொள்வோம். சின்ன வகுப்பில் தண்ணீர் எதற்கெல்லாம் வேண்டும் என்று பிள்ளை கதைக்கும், அதில் விளையாடும். மூன்றாம், நான்காம் தரங்களில் கிணறு, குளம், ஆறு என்று அது எங்கிருந்து வருகிறது, எப்படி அசுத்தமாகிறது என்று பார்க்கும். ஐந்தாம் தரத்தில் தண்ணீர் ஆவியாகி மழையாகிற கதையும் அதைச் சேமிக்கிற விஷயமும் வரும். மரம், செடி, பிராணிகள், உணவு, ஒலி, ஒளி, வானம் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான். தன்னிலிருந்து வீடு, வீட்டிலிருந்து பாடசாலை, அங்கிருந்து ஊர், ஊரிலிருந்து நாடு.

இதை வடிவமைத்தவர்களுக்குப் பிள்ளைகளைத் தெரிந்திருக்கிறது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பௌதிகவியல் வேறு, உயிரியல் வேறு என்ற பிரிவு கிடையாது. அதற்கு உலகம் ஒன்றுதான். விஞ்ஞானம் என்ற பெயரைத் தவிர்த்தது குறைபாடு என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை.

யாருடைய சுற்றாடல்?

ஆனால் "சுற்றாடல்" என்று பெயர் வைத்தால், யாருடைய சுற்றாடல் என்று கேட்கத்தானே வேண்டும். நாடு முழுவதுக்கும் ஒரே புத்தகம். லயனில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிந்தது மண்சரிவும் பனிமூட்டமும் அட்டையும். மன்னார்ப் பிள்ளைக்குத் தெரிந்தது கடலும் காற்றும். இரண்டு பேரும் புத்தகத்தில் பார்த்த ஊர் இருவருடையதும் இல்லை.

போர்க்காலத்தை நினைத்துப் பாருங்கள். 1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை. பற்றரி வராது. மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னில் வானொலி கேட்டார்கள். பெடலைச் சுற்றுகிற வேலை பெரும்பாலும் வீட்டில் இருந்த சின்னனுக்குத்தான். வேகமாகச் சுற்றினால் சத்தம் தெளியும், களைத்தால் செய்தி அறுந்துபோகும் என்று அந்தப் பிள்ளைக்குக் கையால் தெரியும். ஜாம் போத்தல் விளக்கில் திரியை எவ்வளவு உயர்த்தினால் எவ்வளவு மண்ணெண்ணெய் போகும் என்றும் தெரியும். பிறகு மிதிவெடி விழிப்புணர்வு பாடசாலைகளுக்கே வந்தது. நிலத்தைக் கூர்ந்து பார்க்கவும், தெரியாத பொருளைத் தொடாமல் விலகவும் பிள்ளைகள் படித்தார்கள். அவதானிப்பு என்று புத்தகம் சொல்வதன் அர்த்தம் அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அந்த வாழ்க்கையைக் கொண்டாட நாங்கள் இதை எழுதவில்லை. எந்தப் பிள்ளைக்கும் அது வரக்கூடாது. ஆனால் அவ்வளவு அறிவும் எந்த வினாத்தாளிலும் கேட்கப்படவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

திரும்பவும் இன்ஸ்பெக்டர்

இப்போது ஐந்தாம் தரத்துக்கு வருவோம். புலமைப்பரிசில் பரீட்சைக்கு வருடத்துக்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தோற்றுகிறார்கள். வசதி குறைந்த திறமையான பிள்ளைக்கு உதவிப் பணமும் நல்ல பாடசாலையும் கிடைக்க வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். அந்த நோக்கத்தை நாங்கள் மதிக்கிறோம். எங்கள் பல்கலைக்கழகத்தில் எத்தனையோ பேர் அந்த வழியால் வந்தவர்கள்தான்.

ஆனால் பிரபல பாடசாலைகளில் இடம் கொஞ்சம், போட்டி பெரிது. ஆகவே நான்காம் தரத்திலேயே, சில வீடுகளில் மூன்றாம் தரத்திலேயே ரியூசன் தொடங்கிவிடுகிறது. வகுப்பில் பயறு முளைக்க ஒரு கிழமை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. "விதை முளைக்கத் தேவையானவை எவை?" என்று கேட்டால் "நீர், வளி, உகந்த வெப்பநிலை" என்று பாடமாக்கி எழுதினால் புள்ளி வரும். நிழலை அளக்க வெயிலில் நிற்கத் தேவையில்லை. கடந்தகால வினாத்தாள் புத்தகம் போதும். விளையாட்டு, செயற்பாடு, எழுத்து என்ற மூன்றில் கடைசி ஒன்றுதான் மிஞ்சுகிறது. நிகண்டு மனனம் செய்த பிள்ளைக்கும் இந்தப் பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்?

1870இல் இன்ஸ்பெக்டர் எண்ணாததை ஆசிரியர் படிப்பிக்கவில்லை. இன்றைக்கு வினாத்தாள் கேட்காததைப் பெற்றோரும் ஆசிரியரும் பொருட்படுத்துவதில்லை. இதற்காக அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஹந்தெஸ்ஸப் பெற்றோரைப் போலவே அவர்களும் தங்கள் பிள்ளைக்கு எது வழி திறக்கும் என்று பார்த்து முடிவெடுக்கிறார்கள்.

அதனால், ஆரம்ப வகுப்பில் விஞ்ஞானத்தைத் தனிப் பாடமாக்க வேண்டுமா, புத்தகத்தை மாற்ற வேண்டுமா என்ற விவாதத்துக்கு முதல் இன்னொன்றைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறோம்: செய்து பார்த்ததற்கு எங்கே புள்ளி? பிள்ளை வருடம் முழுக்கச் செய்த செயற்பாட்டை வகுப்பாசிரியர் மதிப்பிட்டால், அந்த மதிப்பீடு அடுத்த பாடசாலையின் வாசல்வரைக்கும் போக வேண்டும். போகாதவரைக்கும் புதிய கலைத்திட்டம் எதுவும் பழைய கலைத்திட்டங்கள் போன வழியேதான் போகும். நல்ல பாடசாலைகள் ஒரு சிலவாக இருக்கும்வரை இந்தப் போட்டியும் குறையாது. ஆக, ஐந்தாம் தரப் பிள்ளை பயறு முளைப்பதைப் பார்க்குமா என்ற கேள்வி, ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஆறாம் தரம் எப்படி இருக்கிறது என்ற கேள்வியோடு சேர்ந்தே தீர வேண்டியது.

எங்களில் பலர் இன்னும் கொஞ்ச நாளில் ஆசிரியர்களாகப் போகிறோம். கலைப்பீடத்தில் படித்தவர்களுக்கு விஞ்ஞானம் எதுக்கு என்று ஒதுங்க முடியாது. ஆரம்ப வகுப்புக்குப் போனால் இந்தப் பாடத்தைக் கையில் எடுக்கப்போவது நாங்கள்தான்.