பொரிக்காத சிக்கன் சாண்ட்விச்... சக்கை மாதிரி ஆகாம இருக்க மோர்ல ஊற வைங்க!

2019 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் பாப்பாய்ஸ் நிறுவனம் ஒரு சிக்கன் சாண்ட்விச்சை அறிமுகம் செய்தது. ரெண்டே வாரத்துல நாடு முழுக்க ஸ்டாக் காலி! அந்த நாட்டின் தென் மாநிலங்களுக்கும் சிக்கன் சாண்ட்விச்சுக்கும் உள்ள பந்தம் ரொம்பப் பழசு. ஜார்ஜியாவில் 1946-ல் குட்டி உணவகம் ஒன்றைத் தொடங்கிய ட்ரூயட் கேத்தி, 60-களில் பன்னுக்குள் பொரித்த சிக்கனையும் ரெண்டு வெள்ளரி பிக்கிளையும் வைத்து விற்றார். இன்றைய 'சிக்-ஃபில்-ஏ' அதிலிருந்து வளர்ந்ததுதான்.

அதெல்லாம் பொரித்தது. வீட்டில் க்ரில் செய்யும்போதுதான் சிக்கல். சிக்கனின் நெஞ்சுப்பகுதியில் கொழுப்பு ரொம்பக் குறைவு. பொரிக்கும்போது மேல்மாவு ஈரத்தைக் காப்பாத்தும். க்ரில்லில் அந்தப் போர்வை கிடையாது. அதனாலதான் நிறைய பேருக்கு மெல்ல மெல்ல சக்கை மாதிரி ஆகிடுது.

இதுக்கு தென் மாநிலத்துக்காரங்க நம்புறது உப்பு போட்ட மோர். உப்பு கறிக்குள் இறங்கினால், சூட்டிலும் தண்ணீரைப் பிடித்துவைக்கும். மோரின் மிதமான புளிப்பு கறியை மிருதுவாக்கும். அவசரத்துக்கு எலுமிச்சைச் சாற்றைக் கொட்டிடாதீங்க, மேல்பக்கம் கொழகொழன்னு ஆகிடும். அவங்க ஊர் மோர் கெட்டியானது. ஒரு கப் தயிரில் கால் கப் தண்ணீர் விட்டு அடிச்சா கிட்டத்தட்ட அதே பதம்.

எலும்பில்லாத நெஞ்சுக்கறி அரை கிலோ வாங்குங்க. ஒவ்வொரு துண்டையும் படுக்கைவசமா ரெண்டாக வெட்டி, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுக்கு சமமா தட்டுங்க. இதைத் தவிர்க்கவே கூடாது. ஒரு ஓரம் தடியா, மறு ஓரம் மெலிசா இருந்தா, தடியான பக்கம் வேகுறதுக்குள்ள மெலிசான பக்கம் காய்ஞ்சுபோயிடும். மோரில் ஒன்றரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூள், கொஞ்சம் மிளகுத்தூள், நசுக்கிய பூண்டு சேர்த்து, கறியைப் போட்டு ஃபிரிட்ஜில் 4 மணி நேரம் வைங்க. ஊற வைத்த மோரைக் கீழே கொட்டிடுங்க. பச்சைக்கறி கிடந்த மோர், சாஸுக்கு ஆகாது.

க்ரில் இல்லையா? கனமான இரும்பு தோசைக்கல் போதும். கறியில் ஒட்டியிருக்கும் மோரை வழித்துத் துடைச்சிடணும், இல்லைன்னா கருகும். கல்லை நல்லா காயவைத்து எண்ணெய் தடவி, பக்கத்துக்கு 4 நிமிடம். தெர்மாமீட்டர் இருந்தா உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் வந்ததும் எடுங்க. இல்லைன்னா தடியான இடத்தில் கீறிப் பாருங்க. உள்ளே ரோஸ் நிறம் துளியும் இருக்கக் கூடாது. எடுத்ததும் 5 நிமிடம் அப்படியே விடுங்க.

சாஸுக்கு அலபாமா பக்கம் போகலாம். டிகேட்டர் நகரில் பிக் பாப் கிப்சன் 1925-லேயே பிரபலமாக்கிய வெள்ளை சாஸ் இருக்கு. நம்ம கிச்சன்ல அரை கப் மயோனைஸ், 2 டேபிள்ஸ்பூன் வினிகர், ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, தாராளமா மிளகுத்தூள், சிட்டிகை சர்க்கரை கலந்தா அந்தப் பாணி வந்துடும். புகையில் வெந்த சிக்கனை அங்கே இதிலேயே முக்கி எடுப்பாங்க!

பன்னை வெண்ணெயில் வாட்டுங்க. அடியில் வினிகரில் ஊறிய வெள்ளரி பிக்கிள், மேலே சிக்கன், அதுக்கு மேல சாஸ். லெட்யூஸ், தக்காளி உங்க இஷ்டம். பிக்கிளை மட்டும் விட்டுடாதீங்க. எண்ணெய் மிதக்கும் மாங்காய் ஊறுகாய் இதுக்கு சரிப்படாது பாஸ்!