நாடி சொல்லும் ஓட்டம்

ஓட்டப் பயிற்சி என்றால் ஓடுவது மட்டுமே என்று எண்ணுகிறோம். ஜெர்மனியில் பிரைபர்க் நகரத்துப் பயிற்சியாளர் கெர்ஷ்லரும் இருதய நிபுணர் ரைன்டெலும் வேறு விதமாக எண்ணினர். குறுகிய தூரம் விரைந்தோடி, நாடி நிமிஷத்திற்கு 180 வரை ஏறியதும் ஓய வேண்டும். 120-க்கு இறங்கிய பின்னரே மீண்டும் ஓடலாம். 90 விநாடிக்குள் இறங்காவிடில் ஓட்டம் மிகையாயிற்று என்பது அவர்கள் கணக்கு. இருதயம் வலுப்பெறுவது அந்த ஓய்விலேதான் என்றும் கருதினர்! கெர்ஷ்லரிடம் பயின்ற ஹார்பிக், 1939-ல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிஷம் 46.6 விநாடியில் ஓடினார். அச்சாதனை 1955 வரை நிலைத்தது.

விரலால் நாடியை எண்ணிய நமக்கு, மார்புப் பட்டையும் கைக்கடிகாரமும் பின்லாந்திலிருந்து 1980-களில் வந்தன. பொழுதுபோக்காக ஓடும் நானும் அவற்றை அணிகிறேன். தேர்ந்த வீரருக்குரிய 180 எனக்கு மிகை. ஆகையால் நின்றபின் எண் எத்தனை விரைவில் இறங்குகிறது என்பதையே கவனிக்கிறேன்.