மிதவாதம் வழியிழந்த வேளை: தாமிரபரணிக் கரையில் தீவிரத் தலைமையின் எழுச்சி (1905–1911)

நெருக்கடிக் காலங்களில் தீவிரப் போக்குடைய தலைவர்கள் செல்வாக்குப் பெறுவது ஏன் என்னும் வினாவுக்கு வறுமையும் அச்சமுமே விடையாகப் பெரும்பாலும் கூறப்படுகின்றன. ஆயினும் 1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் உயிர்களைப் பலிகொண்டபோது, அரசை எதிர்த்து மக்களைத் திரட்டும் அரசியல் தலைமை ஏதும் இங்கு எழவில்லை. முப்பதாண்டுகளுக்குப் பின் திருநெல்வேலிச் சீமையில் அத்தகைய தலைமை எழுந்ததற்கும், பின்னர் அது வேறு வடிவம் கொண்டதற்கும் உரிய காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

அக்காலக் காங்கிரசில் விண்ணப்பங்களாலும் தீர்மானங்களாலும் சீர்திருத்தம் வேண்டியோர் மிதவாதிகள் எனவும், அந்நியப் பொருள் விலக்கு, சுதேசித் தொழில், வேலைநிறுத்தம் ஆகியவற்றால் அரசை நெருக்க முனைந்தோர் தீவிரவாதிகள் எனவும் வழங்கப்பட்டனர். இங்கும் அச்சொற்கள் அப்பொருளிலேயே ஆளப்படுகின்றன. மக்கள் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் 1905 அக்டோபரில் வங்காளம் பிரிக்கப்பட்டபோது விண்ணப்ப அரசியலின் மீதான நம்பிக்கை தளர்ந்தது; 1907 டிசம்பரில் சூரத் மாநாட்டில் காங்கிரசு பிளவுபட்டது.

இத்தளர்ச்சியைச் செயலாக மாற்றியவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. பிரிட்டிஷ் கப்பல் நிறுவனத்தின் ஆதிக்கத்தை எதிர்த்து, 10 இலட்சம் ரூபாய் மூலதனத்தைக் குறிக்கோளாகக் கொண்டு அவர் 1906 அக்டோபரில் பதிவு செய்த சுதேசி நாவாய்ச் சங்கம், 25 ரூபாய்ப் பங்குகளின் வழியே வணிகர்களை அரசியலுக்குள் இழுத்து வந்தது. தொழிலாளரை அவ்வாறே இழுத்து வந்தது ஆலைப் போராட்டம். ஆழ்வார்குறிச்சிக்கு அண்மையில் பாபநாசத்து நீர்விசையால் இயங்கிய ஆலையும், கடற்கரையில் தூத்துக்குடிக் கோரல் ஆலையும் ஹார்வி சகோதரர்களின் நிர்வாகத்திலேயே இருந்தன. கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு, வ.உ.சி., சுப்பிரமணிய சிவா ஆகியோரின் ஊக்கத்தால் கோரல் ஆலைத் தொழிலாளர் 1908 பிப்ரவரி 27இல் தொடங்கிய வேலைநிறுத்தம், மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இணங்கியதால் வெற்றியில் முடிந்தது. மேடைப் பேச்சின் வேகத்தைக் காட்டிலும், கேட்டது கிடைத்தது என்னும் இந்த அனுபவமே தீவிரத் தலைமைக்கு உறுதியான அடித்தளம் இட்டது.

அரசோ இத்தலைமையோடு உடன்பாடு காண முயலவில்லை. மார்ச் 12இல் தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மூண்ட எழுச்சியில் அரசு அலுவலகங்கள் தீக்கிரையாயின, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். கலகம் செய்யாதோரும் தண்டக் காவல் படைக்கான வரியைச் சுமக்க நேர்ந்தது. ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு விதித்த ஆயுள் தண்டனை மேல்முறையீட்டில் குறைக்கப்பட்ட போதிலும், அவருடைய சுதேசி நாவாய்ச் சங்கம் மீளவில்லை.

வெளிப்படையான தலைமை சிறைப்பட்டதால் ஏற்பட்ட வெற்றிடத்தில் நீலகண்ட பிரம்மச்சாரி முதலியோரின் இரகசியக் குழு வளர்ந்தது. அதில் இணைந்த செங்கோட்டை வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17இல் மணியாச்சி இரயில் சந்திப்பில் மாவட்ட ஆட்சியர் ஆஷைச் சுட்டுக்கொன்று தம்மையும் மாய்த்துக்கொண்டார். அவரிடம் கிடைத்த கடிதம் சனாதன தருமத்தையும் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவையும் பேசுகிறதேயன்றி, ஆலைத் தொழிலாளரின் கூலியையோ சுதேசித் தொழிலையோ பேசவில்லை. பங்குதாரர், தொழிலாளர் எனப் பரந்திருந்த அரசியல் ஒரு சிலரின் சபதமாகச் சுருங்கியதை இம்மாற்றம் காட்டுகிறது. அக்கொலையைத் தொடர்ந்து 1908இல் நிகழ்ந்தது போன்ற மக்கள் எழுச்சி ஏதும் நிகழவில்லை.

இங்கு எவரும் ஆட்சியைக் கைப்பற்றவில்லை என்பதால், கைப்பற்றிய நிகழ்வொன்றோடு ஒப்பிடுதல் பயன்தரும். ஜெர்மனியில் 1928இல் 2.6 விழுக்காடு வாக்குப் பெற்ற நாஜிக் கட்சி, பொருளாதாரப் பெருமந்தத்தால் வேலையின்மை பெருகிய 1932 ஜூலையில் 37.3 விழுக்காடு பெற்றது. எனினும் பெரும்பான்மை பெறாத ஹிட்லரை 1933 ஜனவரியில் சான்சலராக அமர்த்தியவர்கள், அவரைக் கட்டுப்படுத்திவிடலாம் என நம்பிய பழமைவாதத் தலைவர்களே. இன வெறுப்பைக் கொள்கையாக்கிய அவ்வியக்கத்தை, அடிமைத்தளையை அறுக்க முனைந்த வ.உ.சி.யின் இயக்கத்தோடு அறநிலையில் ஒருபோதும் சேர்த்தெண்ணலாகாது. எனினும், நடுநிலை நிறுவனங்கள் மக்களின் குறையைத் தீர்க்கும் ஆற்றலை இழந்த பின்னரே தீவிரத் தலைமைக்கு இடம் கிடைத்தது என்பது இரண்டுக்கும் பொது.

ஆகவே நெருக்கடி தலைமைக்கான தேவையையே உண்டாக்குகிறது; எத்தகைய தலைமை எழும் என்பதை அதிகாரத்தில் இருப்போரின் மறுமொழி பெரிதும் தீர்மானிக்கிறது. விண்ணப்பம் புறக்கணிக்கப்பட்டபோது வேலைநிறுத்தம் வந்தது. வேலைநிறுத்தத்தின் தலைவர்கள் சிறைப்பட்டபோது துப்பாக்கி வந்தது. குறைகளை வெளிப்படையாகப் பேசித் தீர்க்கும் வழிகளைக் காப்பதே தீவிரத்தைத் தடுக்கும் உறுதியான அரண் என்பதை 1908க்கும் 1911க்கும் இடைப்பட்ட திருநெல்வேலி வரலாறு உணர்த்துகிறது.