எகிப்துக் கிறிஸ்தவர்களும் அரபு வரியும்

வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் ரசீது இருக்கிறது. கி.பி. 643 ஏப்ரலில் எகிப்தில் எழுதப்பட்டது. அரபுப் படைத்தலைவர் அப்துல்லா தம் வீரர்களுக்காக 65 ஆடுகளைப் பெற்றுக்கொண்டதைக் கிரேக்கத்திலும் அரபியிலும் உறுதி செய்கிறது. கிரேக்கப் பகுதியை எழுதிய யோவான், திருச்சபையில் திருத்தொண்டர். ஆடுகள் வரியில் வரவு வைக்கப்படும் என்ற குறிப்பு பின்புறத்தில் இருக்கிறது. எகிப்தை அதுவரை ஆண்ட பைசாந்தியப் பேரரசின் படை அலெக்சாந்திரியாவை விட்டுப் போய் ஓராண்டுகூட ஆகவில்லை. அதற்குள் புதிய ஆட்சி பழைய கிறிஸ்தவ எழுத்தர்களை வைத்தே கணக்கு எழுதுகிறது. எகிப்துக் கிறிஸ்தவர்களின் கதியைப் பெரும்பாலும் தீர்மானித்தது இந்தக் கணக்குதான் என்பது என் முடிவு.

வாள்முனையில் மதம் மாற்றினார்கள் என்போருக்கு யோவானின் கையெழுத்தே பதில். 451-இல் கால்சிடன் திருச்சபைச் சங்கம் வகுத்த கோட்பாட்டை ஏற்காத எகிப்தின் காப்டிக் திருச்சபையைப் பைசாந்தியம் நெருக்கியது. பத்தாண்டுக்கு மேல் தலைமறைவாயிருந்த அதன் பிதாப்பிதா பெஞ்சமின், எகிப்தைக் கைப்பற்றிய அரபுத் தளபதி அம்ர் இப்னு அல்-ஆஸ் அபயம் அளித்த பிறகே வெளியே வந்தார். ஆனால் அரபுகளை எல்லோரும் ஆரத்தி எடுத்து வரவேற்றார்கள் என்பதும் பொய். நிக்கியு நகரில் அரபுப் படை நடத்திய படுகொலையை அவ்வூர் ஆயர் யோவானே பதிந்திருக்கிறார்.

பைசாந்தியமும் கசக்கித்தானே வசூலித்தது, இதில் புதிதென்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புதிது ஜிஸ்யா: ஒருவர் இன்ன மதம் என்பதற்காகவே விழுந்த வரி. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறவிகளுக்கு அதிலிருந்த விலக்கும் போயிற்று. 709 முதல் 714 வரை ஆளுநராயிருந்த குர்ரா இப்னு ஷரீக், அப்ரோதித்தோ ஊர் அதிகாரி பசிலியோசுக்கு அனுப்பிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. நிலுவை எங்கே, ஊரைவிட்டு ஓடிய குடியானவர்கள் எங்கே என்று அதட்டுகிறார். ஓடிப்போவது ஒரு வழி. மதம் மாறுவது இன்னொரு வழி. மாறியவர்களிடமும் அதிகாரிகள் வசூலை நிறுத்தாததால்தான், அவர்களிடம் ஜிஸ்யா வாங்கக்கூடாதென்று கலீபா இரண்டாம் உமர் (717–720) ஆணையிட நேர்ந்தது. இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கரைந்த கூட்டத்தை ஒரு போரின் விளைவாகக் காட்டுவது தவறு.

எதிர்த்து நிற்பது மூன்றாவது வழி. 725-இல் காப்டிக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கடைசிப் பெருங்கலகம் 831-இல் நைல் கழிமுகத்தில் மூண்டது. அடுத்த ஆண்டு கலீபா அல்-மாமூன் நேரில் வந்து அதை அடக்கினார். கலகம் செய்த பஷ்மூர் சதுப்புநில மக்கள் பலர் ஈராக்குக்கு நாடுகடத்தப்பட்டார்கள். பணிந்து போகும்படி அவர்களுக்குக் கடிதம் எழுதியவர் அவர்களுடைய பிதாப்பிதா யோசேப்பு. வரிக்கொடுமை தாளாமல் அந்தக் கலகத்தில் காப்டுகளோடு எழுந்தவர்களில் அரபு முஸ்லிம்களும் இருந்தார்கள்.