ஒருங்கிணைந்த போர்க்கலத் தொகுதியும் காலாள் வீரனும்: விருப்பாட்சிப் பாளையம் முதல் வேலூர்க் கோட்டை வரை (1755–1806)

ஆய்வுச் சுருக்கம்

காலாள் வீரனின் துப்பாக்கி, உடை, தலைக்கவசம், செய்திக்கருவி ஆகியவற்றைத் தனித்தனிப் பொருள்களாகக் கொள்ளாமல் ஒரே தொகுதியாக வடிவமைக்கும் முறை அண்மைக்காலப் புதுமையாகவே பேசப்படுகிறது. அம்முறையின் முன்வடிவம் ஒன்று பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பழநிமலை அடிவாரத்தை வந்தடைந்ததையும், அது பாளையக்காரர் படைகளை வென்ற விதத்தையும், வென்ற ஐந்தாண்டுகளுக்குள் அதை அணிந்தவர்களிடமே முறிந்ததையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பழநிமலை, விருப்பாட்சி, கோபால நாயக்கர், கும்பினிச் சிப்பாய், தோட்டா, வளரி, வேலூர்ப் புரட்சி.

முன்னுரை

2022 ஆகஸ்டு 16 அன்று புது தில்லியில் பாதுகாப்புத் துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் ‘எஃப்-இன்சாஸ்’ என்னும் தொகுதியை இந்தியத் தரைப்படையிடம் ஒப்படைத்தார். ஏகே-203 துப்பாக்கி, குண்டு துளைக்காத தலைக்கவசமும் மேலங்கியும், கண்காப்பு, முழங்கை முழங்கால் உறைகள், கையில் பிடிக்காமலே பேசத்தக்க செய்திக்கருவி ஆகியன அதில் அடங்கின. அப்பெயரைத் தமிழில் விரித்தால் ‘எதிர்காலக் காலாள் வீரன் ஓர் அமைப்பாக’ என வரும். அமைப்பு என்று இங்குச் சுட்டப்படுவது கருவி அன்று; வீரனே. அமெரிக்காவின் ‘லேண்ட் வாரியர்’, பிரான்சின் ‘ஃபெலின்’, உருசியாவின் ‘ராட்னிக்’ ஆகிய திட்டங்களுக்கும் அடிப்படை இதுவே.

போர்க்கலன்களைப் பற்றித் தமிழில் வெளிவந்துள்ள எழுத்துகள் பெரும்பாலும் கருவிகளின் பட்டியலாகவே நின்றுவிடுகின்றன. வேல் இவ்வளவு நீளம், வளரி இவ்வளவு எடை என அளப்பதோடு ஆய்வு முடிந்துவிடுகிறது. ஒரு கருவிக்கும் மற்றொன்றுக்கும் இடையிலான இணைப்பு, கருவிக்கும் அதைத் தாங்கும் உடலுக்கும் இடையிலான இணைப்பு ஆகிய இரண்டையும் நோக்கினாலன்றி 1801ஆம் ஆண்டுத் தோல்வியை விளங்கிக்கொள்ள இயலாது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். 1806இல் நிகழ்ந்ததற்கும் விளக்கம் அங்கேதான் கிடைக்கிறது.

மலையும் அடிவாரமும்

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிப் பிரியும் கிளையே பழநிமலை. கோடைக்கானல் அமைந்துள்ள மேல்மலை 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடையது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற ஊர்கள் கீழ்மலையில் உள்ளன. வடக்கு அடிவாரத்தில், இன்றைய ஒட்டன்சத்திரத்திற்கும் பழநிக்கும் இடையில், விருப்பாட்சி, ஆயக்குடி முதலிய பாளையங்கள் இருந்தன. கும்பினியார் இம்மலையை முறையாக அளந்தது 1821இல், லெப்டினன்ட் வார்டு என்பவரைக் கொண்டு. அமெரிக்க மறைப்பணியாளர்கள் கோடைக்கானலில் வீடு கட்டியது 1845இல். சக்கர வண்டி ஏறத்தக்க மலைச்சாலையோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நிறைவுற்றது.

இச்செய்திகள் போர்க்கல வரலாற்றுக்குப் புறம்பானவை அல்ல. சக்கரம் ஏறாத இடத்தில் பீரங்கியும் ஏறாது. வெடிமருந்து வண்டியும் ஏறாது. ஒருவன் தன் தோளிலும் இடுப்பிலும் எதைச் சுமந்து செல்கிறானோ அதுவே அங்கு அவனது படைபலம். எனவே காலாள் வீரனின் தொகுதி எத்தகையது என்னும் வினா சமவெளியைவிட மலையில் கூர்மையாக எழுகிறது.

திண்டுக்கல்: புதிய முறையின் வருகை

1755இல் ஐதர் அலி திண்டுக்கல்லின் பௌஜ்தாராக அமர்த்தப்பட்டார். பிரெஞ்சுக் கைவினைஞர்களைத் தருவித்து அங்கு ஒரு படைக்கலச் சாலையையும் வெடிமருந்துக் கூடத்தையும் அவர் நிறுவினார் என மார்க் வில்க்ஸ் தம் மைசூர் வரலாற்றில் குறிப்பிடுகிறார். ஐரோப்பிய முறையிலான படைக்கல உற்பத்தி சென்னைக்கும் புதுச்சேரிக்கும் உரிய கடற்கரைச் செய்தி மட்டுமன்று; விருப்பாட்சியிலிருந்து ஒரு நாள் நடைத் தொலைவிலேயே அது நடைபெற்றது என்பது போதிய கவனம் பெறவில்லை.

1772இல் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின் வேலு நாச்சியாரும் மருது சகோதரர்களும் விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் தாண்டவராய பிள்ளை ஐதருக்கு எழுதிய மடலில் 5,000 குதிரைப்படையும் 5,000 காலாட்படையும் கோரப்பட்டன. ஐதரின் உதவியுடன் 1780இல் சிவகங்கை மீட்கப்பட்டது. விருப்பாட்சியில் கழிந்த அவ்வாண்டுகளில் இரு வேறு போர்முறைகள் அருகருகே நின்றன. ஒன்று வேலும் வாளும் வளரியும் திரித்துப்பாக்கியும் கலந்த பாளைய முறை. மற்றொன்று ஒரே வகைத் துப்பாக்கியும் கவாத்தும் கொண்ட மைசூர் முறை. பாளையக்காரர்கள் துப்பாக்கியை அறியாதவர்கள் என்னும் கருத்து இப்பகுதியைப் பொறுத்தவரை பொருந்தாது.

மைசூருடன் நடந்த மூன்றாம் போரின்போது, 1790இல், திண்டுக்கல் கோட்டை கும்பினியின் கைக்கு வந்தது. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கை அதனை உறுதிசெய்தது. அன்றுமுதல் விருப்பாட்சியின் எதிரில் நின்றவன் கும்பினிச் சிப்பாய்.

சிப்பாயின் தொகுதி

கும்பினி தன் சிப்பாய்களுக்காக வடிவமைத்த துப்பாக்கி ‘இந்தியா பாட்டர்ன்’ எனப்பட்டது. அதன் குழல் 39 அங்குலம். துளை ஏறத்தாழ முக்கால் அங்குலம். எடை நான்கரைக் கிலோவுக்குச் சற்றே குறைவு. எளிமையாகவும் மலிவாகவும் விரைந்தும் செய்யத்தக்கதாக இருந்தமையால் 1790களில் இங்கிலாந்து அரசுப் படையே அதனை ஏற்றுக்கொண்டது. இந்தியச் சிப்பாய்க்கென வகுத்த கலம் பின்னர் ஐரோப்பியப் போர்க்களங்களில் நெப்போலியனுக்கு எதிராகப் பயன்பட்டது.

ஆயினும் துப்பாக்கியைக் காட்டிலும் கருதத்தக்கது தோட்டா. ஒரு வெடிக்குரிய மருந்தும் குண்டும் ஒரே காகிதச் சுருளில் அடங்கின. காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, சிறிது மருந்தைக் கிண்ணியிலும் எஞ்சியதைக் குழலிலும் இட்டு, குண்டையும் காகிதத்தையும் கெட்டிக்கோலால் இறுக்கிச் சுடவேண்டும். பயின்ற சிப்பாய் ஒரு நிமிடத்தில் இரண்டு அல்லது மூன்று முறை சுடுவான். திரித்துப்பாக்கியாளனோ கொம்புக்குடுவையிலிருந்து மருந்தை அளந்து ஊற்றி, எரியும் திரியை ஒரு கையில் காத்துக்கொண்டே குண்டை இறக்கவேண்டும். மலைப்பனியிலும் சாரலிலும் திரி அணையும். அணையாவிடில் இரவில் அதன் கங்கு அவனைக் காட்டிக்கொடுக்கும். சிப்பாயின் கிண்ணி மருந்தும் மழையில் நனையும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் தோல் பெட்டிக்குள் உலர்ந்த தோட்டாக்கள் அவனிடம் எஞ்சியிருந்தன.

குழல்முனையில் பொருத்திய பயனெட்டு என்னும் குத்தீட்டி, சுடுபவனையும் ஈட்டிக்காரனையும் ஒரே ஆளாக்கியது. பாளையப் படையில் இவ்விரு பணிகளுக்கும் இருவர் வேண்டும். குறுக்குவார்கள் தோட்டாப்பெட்டியையும் பயனெட்டு உறையையும் எப்போதும் ஒரே இடத்தில் நிறுத்தின. ஆதலின் கை தேடாமல் எடுத்தது. அக்கையைப் பழக்கியது கவாத்து. சிப்பாய், தோட்டா, கவாத்து, பட்டாளம் முதலிய சொற்கள் வந்து சேர்ந்து தமிழில் நிலைத்தமையை இம்மாற்றத்தின் மொழிச் சான்றாகக் கொள்ளலாம். (பழநிமலையின் காப்பித் தோட்டங்களில் இன்று கவாத்து என்றால் கிளைகளை நறுக்கி ஒழுங்குபடுத்துதல். இரு பொருளும் ஒரு சொல்லில் நிற்பது நோக்கத்தக்கது.)

வளரியுடன் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 1795இல் சின்ன மருதுவிடம் வேல் எறியவும் வளரி வீசவும் தாம் பயின்றதைக் கும்பினி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக்குறிப்புகளில் பதிவுசெய்துள்ளார். தேர்ந்த கையில் அது நூறு கெசம் வரையிலான இலக்கைத் தவறாது தாக்கும் என்பது அவரது சான்று. உட்குழல் வழவழப்பான அக்காலத் துப்பாக்கி ஒற்றை ஆளைக் குறிவைத்துச் சுடத்தக்க தொலைவும் ஏறத்தாழ அதுவே, அல்லது அதனினும் குறைவு. ஆகவே பாளையக்காரர்கள் தாக்கு தொலைவினால் தோற்றனர் எனக் கூறுதல் பொருந்தாது. வளரியின் திறன் வீசுபவனின் தோளில் இருந்தது. இளமைமுதல் பயின்றால் மட்டுமே வரும். அவன் வீழ்ந்தால் அவனுடனே போகும். சிப்பாய் வீழ்ந்தால் மற்றொருவன் அதே துப்பாக்கியை எடுத்து அதே வரிசையில் நிற்பான். அவன் பெட்டியிலுள்ள தோட்டா அதற்குப் பொருந்தும். ஆளை மாற்றத்தக்கவனாக ஆக்கியதே இத்தொகுதியின் வலிமை எனலாம். அதன் இழுக்கும் அதுவே.

1800–1801

1800இல் கோபால நாயக்கரின் முயற்சியால் திண்டுக்கல் கூட்டணி உருவாயிற்று. விருப்பாட்சியில் கூடிய தலைவர்கள் கோவைக் கோட்டையைத் தாக்கத் திட்டமிட்டனர். அவ்வாண்டு ஜூன் தொடக்கத்தில் நடந்த அம்முயற்சி தோல்வியுற்றது, பலர் தூக்கிலிடப்பட்டனர். வடக்கிலிருந்து எதிர்பார்க்கப்பட்ட துண்டாஜி வாக் செப்டம்பரில் போரில் மடிந்தார். 1801இல் கோபால நாயக்கர் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். இந்நிகழ்வுகளைக் கே. ராஜய்யன் விரிவாக எழுதியுள்ளமையின் இங்கு மீண்டும் விரிக்கத் தேவையில்லை.

ஒன்றைமட்டும் சுட்டவேண்டும். கும்பினியின் தொகுதி எல்லா இடத்திலும் வெல்லவில்லை. 1801 மார்ச் இறுதியில் பாஞ்சாலங்குறிச்சியின் மண்கோட்டை மீது நடந்த தாக்குதலில் கும்பினிப் படை பின்வாங்க நேர்ந்தது. மதில் உடைப்பில் நின்ற நெடிய ஈட்டி வரிசைக்கு முன் பயனெட்டின் நீளம் போதவில்லை. கர்னல் ஆக்னியூ கூடுதல் பீரங்கிகளுடன் வந்தபின், மே 24 அன்றுதான் கோட்டை வீழ்ந்தது. கூடுதல் பீரங்கியும் தோட்டாவும் வந்துசேரும் வரை காத்திருக்கக் கும்பினியால் முடிந்தது. காட்டையும் மலையையும் நம்பி நின்ற படைகளுக்கு அத்தகைய வழங்கல் இல்லை.

வெற்றிக்குப்பின் 1801 டிசம்பர் 1 அன்று ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு தென்பாளையங்களில் படைக்கலம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. வளரியும் வேலும் போர்க்களத்திலிருந்து மறைந்தமைக்கு அவற்றின் தொழில்நுட்பத் தாழ்வு மட்டுமே காரணம் அன்று, இச்சட்டமும் காரணம். பொதுநூல்கள் பலவற்றில் இவ்வுண்மை இடம்பெறுவதில்லை.

வேலூர்: தொகுதி முறிந்த இடம்

பாஞ்சாலங்குறிச்சியை வீழ்த்திய அதே ஆக்னியூ 1805இல் சென்னைப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரல். தலைமைத் தளபதி ஜான் கிராடக்கின் காலத்தில் சிப்பாயின் தோற்றம் முழுவதையும் ஒரே சீராக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. 1805 நவம்பரில் தோல் சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகை ஆணையிடப்பட்டது. சமயக்குறியும் காதணியும் விலக்கப்பட்டன. தாடி மழிக்கப்படவேண்டும், மீசை ஒரே அளவில் இருக்கவேண்டும். துப்பாக்கித் திருகாணிகளை முடுக்கும் திருப்புளி ஒன்று சீருடையின் முன்புறத்தில் தொங்கியது. கருவி நோக்கில் அது சிறந்த ஏற்பாடு. களத்தில் கைக்கெட்டும் இடத்தில் பழுதுபார்க்கும் கருவி. சிப்பாய்களின் கண்ணுக்கோ அது மார்பில் தொங்கிய சிலுவை.

1806 மே மாதம் வேலூரில் ஒரு பட்டாளத்தார் தலைப்பாகையை ஏற்க மறுத்தனர். இருவருக்குத் தலா 900 கசையடி விதிக்கப்பட்டது. ஜூலை 10 அன்று புரட்சி வெடித்தது. அதில் முன்னின்ற 23ஆம் படைப்பிரிவின் பட்டாளத்தில் திருநெல்வேலிச் சீமையினர் மிகுதி என்பதையும், முன்னர்ப் பாளையக்காரர்களிடம் பணிபுரிந்தவர்கள் அதில் இருந்தனர் என்பதையும் ஆய்வாளர்கள் சுட்டுவர். ஐந்தாண்டுகளுக்கு முன் வேலேந்தியவர்கள் இப்போது கும்பினித் துப்பாக்கியை ஏந்தி நின்றனர். மைசூர் இளவரசர்கள் கோட்டைக்குள் சிறையிருந்தமை, ஊதியக் குறைகள் ஆகியனவும் காரணங்களே. தலைப்பாகையை மட்டும் காரணமாக்குதல் மிகை. ஆனால் துப்பாக்கியையும் தோட்டாவையும் கவாத்தையும் ஏற்ற உடல், தலையையும் மார்பையும் தொட்ட விதிகளை ஏற்கவில்லை. ஜூலையிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. கிராடக்கும் ஆளுநர் பெண்டிங்கும் 1807இல் திரும்ப அழைக்கப்பட்டனர்.

சின்ன மருதுவிடம் வளரி பயின்ற வெல்ஷ் அப்போது பாளையங்கோட்டையில் இருந்தார். 1806 நவம்பரில், சதி நடப்பதாக ஐயுற்று, தம் பட்டாளத்தின் முசுலிம் சிப்பாய்களிடமிருந்து படைக்கலங்களைப் பறித்து அவர்களைக் கோட்டையிலிருந்து வெளியேற்றினார். அதற்காக அவர் படைத்துறை நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விடுவிக்கப்பட்டார்.

இன்றைய தொகுதி

தமிழகத்தில் காலாள் வீரனின் உடை 1961இல் தொடங்கிய ஆவடிப் படையுடைத் தொழிற்சாலையிலும், துப்பாக்கி 1960களில் நிறுவப்பெற்ற திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலையிலும் உருவாகின்றன. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது ஆவடி ஒரு நிறுவனத்திற்கும் திருச்சி வேறொரு நிறுவனத்திற்கும் சென்றன. வீரனை ஒரே அமைப்பாகக் கருதும் கொள்கை வலுப்பெறும் காலத்திலேயே, அவனது உடையும் துப்பாக்கியும் இருவேறு நிறுவனங்களின் பொறுப்பாகியுள்ளன. இது நிருவாக வசதியாக இருக்கலாம். ஒருங்கிணைப்புக்கு உதவுமா என்பது தனி ஆய்வுக்குரியது.

தலையைப் பற்றிய வினாவும் ஓய்ந்துவிடவில்லை. 2023 சனவரியில் சீக்கிய வீரர்களுக்கென 12,730 குண்டு துளைக்காத தலைக்கவசங்களைப் பெறும் முயற்சியைப் பாதுகாப்பு அமைச்சகம் தொடங்கியது. சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியும் அகால் தக்தும் எதிர்ப்புத் தெரிவித்தன. உலகப்போர்களிலும் சீக்கியர் தலைப்பாகையுடனேயே போரிட்டனர் என்பது எதிர்த்தோரின் வாதம். 1805ஆம் ஆண்டு ஆணைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அன்றைய தலைப்பாகை எவரையும் குண்டிலிருந்து காக்கவில்லை. இன்றைய கவசம் காப்பதற்கென்றே உருவானது. எதிர்ப்பும் கசையடிக்கு அஞ்சாமல் வெளிப்படையாக எழுப்பப்பட்டது. இந்தியத் தொழிலகம் ஒன்று வடிவமைத்த அத்தகைய கவசத்தின் உச்சி, சீக்கியர் முடிந்த கூந்தல்மேல் கட்டும் பட்கா என்னும் துணி உள்ளடங்குமாறு நடுவில் மேடாக உயர்த்தப்பட்டிருந்தது.