178 செகண்டு... 250 பைக்... காலி! லிமிடெட் எடிஷன் மோகத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

கடையில் டீயை வாங்கி, ஆற்றி, ஒரு வாய் குடிப்பதற்கு மூணு நிமிஷம் ஆகுமா? 2018 ஜூலை 25 அன்று அதைவிடக் குறைந்த நேரத்தில், அதாவது 178 விநாடிகளில், இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட 250 ராயல் என்ஃபீல்டு பைக்குகளும் ஆன்லைனில் விற்றுத் தீர்ந்தன. ஒரு பைக்குக்கு ஒரு விநாடிகூட இல்லை! அதற்கு முன்பு ஜூலை 10-ம் தேதி விற்பனை தொடங்கியபோது, குவிந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் வெப்சைட்டே படுத்துவிட்டது. அதனால்தான் தேதி தள்ளிப்போனது.

அந்த பைக்கின் பெயர் கிளாசிக் 500 பெகாசஸ். ஆன்ரோடு விலை சுமார் 2.5 லட்சம் ரூபாய். உலகம் முழுக்கவே 1,000 பைக்குகள்தான்.

அப்படி என்ன இருந்தது அதில்?

இன்ஜின், சேஸி எல்லாமே வழக்கமான கிளாசிக் 500-ல் இருப்பதுதான். மாறியது கதை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் பாராசூட் படைக்காக ராயல் என்ஃபீல்டு தயாரித்த 'ஃப்ளையிங் ஃப்ளீ' என்ற குட்டி பைக்கின் நினைவாக வந்தது பெகாசஸ். இரும்புக் கூண்டுக்குள் வைத்து, விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்கிய பைக் அது. அதனால் ராணுவ பிரவுன் கலர், கேன்வாஸ் பைகள், தோல் வார், டேங்கில் ஒவ்வொரு பைக்குக்கும் தனி நம்பர் என்று அமைத்திருந்தார்கள். வெளிநாடுகளில் ஆலிவ் பச்சையும் கிடைத்தது. நம் ஊரில் அந்த நிறம் ராணுவ வாகனங்களுக்கு மட்டும் என்பதால், இங்கே பிரவுன் மட்டும்தான்.

இது முதல்முறையும் இல்லை. 2015-ல் 'டெஸ்பாட்ச்' எடிஷன் 200 பைக்குகள் 26 நிமிஷத்தில் போயின. 2021 டிசம்பரில் கம்பெனியின் 120-வது ஆண்டுக்காக இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடி 650 என மொத்தம் 480 பைக்குகள். இந்தியாவின் பங்கு 120. விற்று முடிந்ததும் 120 விநாடிகளில்!

10 லட்சத்தில் ஒன்று

ஒரகடம் சிப்காட்டில் 2013-லும், பக்கத்திலேயே வல்லம் வடகாலில் 2017-லும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் வந்தன. 2024-25 நிதியாண்டில் கம்பெனி விற்ற பைக்குகள் 10 லட்சத்துக்கும் மேல். அதாவது தெருவுக்கு நாலு 'புல்லட்' நிற்கும் காலம் இது. ஒரு காலத்தில் அந்த 'டுப் டுப்' சத்தமே கெத்து. இப்போது எல்லோரிடமும் அது இருக்கும்போது, 'என்கிட்ட இருக்கறது வேற' என்று சொல்ல ஒரு நம்பர் தேவைப்படுகிறது. லிமிடெட் எடிஷன் விற்பது அந்த நம்பரைத்தான்.

கம்பெனிக்கும் கணக்கு எளிது. புது இன்ஜின் உருவாக்க வேண்டாம். பெயின்ட், பேட்ஜ், சில பாகங்கள் போதும். 120 பைக்குகளில் வரும் லாபம் பெரிதில்லை. ஆனால், 'ரெண்டு நிமிஷத்தில் காலி' என்ற செய்தி, ஷோரூமில் நிற்கும் மற்ற பைக்குகளையும் சேர்த்தே விற்றுக் கொடுக்கும்.

அதற்காக எல்லாமே ஸ்டிக்கர் வேலை என்றும் ஒதுக்கிவிட முடியாது. 120-வது ஆண்டு எடிஷனின் பித்தளை பேட்ஜைச் செய்தது, கோயில்களுக்குப் பித்தளைச் சிலைகள் செய்யும் பரம்பரைச் சிற்பிக் குடும்பம். டேங்கில் இருக்கும் மெல்லிய கோடுகள் சென்னையில் கையால் வரையப்பட்டவை. மெஷின் ஓடும் லைனில் கைவேலைக்கு இன்னும் ஓர் இடம் இருக்கிறது என்பது நல்ல விஷயம்தானே!

குப்பை அள்ளிய பெகாசஸ்

ஆனால், பெகாசஸ் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. அதில் ஏபிஎஸ் கிடையாது. விற்பனை முடிந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில், அதைவிட விலை குறைந்த கிளாசிக் 350 சிக்னல்ஸ், டூயல் சேனல் ஏபிஎஸ்ஸோடு வந்தது. அடுத்தடுத்து கிளாசிக் 500-க்கும் ஏபிஎஸ் கொடுக்கப்பட்டது. பெகாசஸ் வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். சிலர் அதில் குப்பையை ஏற்றிக்கொண்டு போய் எதிர்ப்பைக் காட்டினார்கள்.

சட்டப்படி கம்பெனி மீது தவறு சொல்ல முடியாது. 125 சிசிக்கு மேற்பட்ட புது மாடல்களுக்கு 2018 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் வரை அவகாசம் இருந்தது. ஆனாலும் வாங்கியவர்களின் கோபமும் நியாயம்தான். அலமாரியில் வைக்கும் பொம்மை இல்லையே இது! மழையில் நனைந்த ரோட்டில் சடன் பிரேக் அடிக்கும்போது, டேங்கில் இருக்கும் நம்பர் காப்பாற்றாது.

புக் பண்ணும் முன்...

* மொத்தம் எத்தனை பைக்குகள், இந்தியாவுக்கு எத்தனை, நம்பர் எங்கே பொறிக்கப்படும் என்று கேளுங்கள். எண்ணிக்கை சொல்லாத 'ஸ்பெஷல் எடிஷன்' வேறு, 'லிமிடெட் எடிஷன்' வேறு.
* மாசு, பாதுகாப்பு விதிகள் அடுத்த ஓராண்டில் மாறப்போகின்றனவா என்று பாருங்கள். 2018-ல் பலர் பார்க்கத் தவறியது இதைத்தான்.
* ஸ்பெஷல் பெயின்ட் டேங்க் அடிபட்டால் அதே டேங்க் திரும்பக் கிடைக்குமா என்பதை டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள்.
* இன்ஷூரன்ஸில் ஐடிவி, லிஸ்ட் விலையிலிருந்து தேய்மானம் கழித்தே வரும். 'அபூர்வம்' என்பதற்குத் தனி மதிப்பு கிடைக்காது.
* பிற்காலத்தில் நல்ல விலைக்குப் போகும் என்று கடன் வாங்கி வாங்காதீர்கள். ஓட்டாமல் பூட்டி வைத்தாலும் பேட்டரியும் டயரும் வயசாகத்தான் செய்யும்.

எல்லாம் சரிபார்த்த பிறகும் அந்த நம்பர் மேல் ஆசை இருந்தால், தாராளமாக வாங்குங்கள். அந்த 178 செகண்டுக்குள் யோசிக்க முடியாது. முந்தின வாரமே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்!